சீரியலின் முதல் ரசிகர்

பத்துப் பாக மாயாஜால நாவலை மெகா சீரியலாக்க, சம்மதம் கேட்டுச் சென்னையிலிருந்து கோவில்பட்டியிலுள்ள முத்துசெல்வியின் வீட்டுக்கு வந்திருந்தார் டைரக்டர் கிருஷ்ணகுமார்.

"மொதல்ல வாசிச்சுக் காட்டுங்க. அப்பாவுக்குப் பிடிச்சாத்தான் சம்மதிப்பேன்" என்றாள் முத்துசெல்வி.

அவர் திரைக்கதையை வாசித்தார். கடலுக்கடியில் ஒரு நகரம் விழித்தது. ராஜகுமாரியைச் சுமந்த பறக்கும் யானை அதற்குள் பாய்ந்தது. அப்பா மாயகிருஷ்ணன் வாய்பிளந்து கேட்டார்.

"ஏ யப்பா! பொறவு யானை என்னாச்சு?"

டைரக்டர் வாசித்து முடித்தபோது அப்பாவின் கண்கள் கலங்கியிருந்தன.

"என்னா கற்பனை! இத எழுதுன மகராசன் யாரு தாயி? அவியள ஒருதடவ பாத்துரணும்."

டைரக்டர் திகைத்துப்போனார். மூளைக்காய்ச்சலில் பழசெல்லாம் மறந்துபோயிருந்த அப்பாவின் கைகளை முத்துசெல்வி பற்றிக்கொண்டாள்.

"நீங்கதாம்ப்பா."

"நானா?"

மாயகிருஷ்ணன் தன் விரல்களை விரித்து, அதிசயத்தைப் பார்ப்பதுபோல் பார்த்துக்கொண்டே இருந்தார்.