எல்லா வருஷத்துப் பிள்ளைகள்

சேர்ந்திசை ஆசிரியை குணமணிக்குப் பணி ஓய்வு விழா. அவர் இயற்றிய பாட்டைப் பழைய மாணவர்கள் முப்பது பேர் பாடுவதாக, தேக்கா பக்கம் ஒரு மண்டபத்தில் ஏற்பாடு செய்திருந்தான் சுஜீந்திரன். இப்போது அவன் துவாஸில் இன்ஜினியர்.

"எந்த வருஷத்துப் பிள்ளைங்க? ஒரு முகமும் ஞாபகம் வரலயே."

"எல்லா வருஷமும் இருக்காங்க டீச்சர்."

"ஒரு தடவ ரிஹர்சல் பார்த்துடலாமா?"

"வேணாம் டீச்சர். நீங்க சொன்னத யாரும் மறக்கல."

இருபத்தாறு வருஷம் பள்ளிக்குத் தங்கப் பதக்கம் வாங்கித் தந்த குணமணி, கூட்டத்துக்கு முதுகு காட்டி நின்று கைகளை உயர்த்தினார்.

முப்பது வாய்களும் சரியான நேரத்தில் திறந்தன. சொல்லுக்குச் சொல் உதடுகள் அசைந்தன. சத்தம் மட்டும் வரவில்லை. பின்னால் யாரோ, "மைக் வேலை செய்யல" என்றார்கள்.

இரண்டாவது அடியில், முன்வரிசையில் தானும் வாயசைத்து நின்ற சுஜீந்திரனின் கண்களைப் பார்த்ததும் அவருக்குப் புரிந்துவிட்டது. ஒவ்வொரு வருஷமும் போட்டிக்கு முந்தைய வாரம், சுதி சேராத பிள்ளைகளைத் தனியே அழைத்து அவர் சொன்னது ஒன்றுதான்: "நீ பாடாத. வாய மட்டும் அசை."

நிறுத்தினால் திரும்பிக் கூட்டத்தைப் பார்க்க வேண்டும். குணமணி கடைசி அடிவரை கைகளை அசைத்துக்கொண்டே இருந்தார்.