வேர்ப் பட்டியல்

ஒரு காட்டில் செவந்தி என்றொரு தாய் அணில் இருந்தாள். அவள் மகள் மணிமொழி இரண்டு வருஷமாகப் பொந்தை விட்டு வெளியே வராமல் நுழைவுத் தேர்வுக்குப் படித்தாள். மகள் வைத்தியக் கல்லூரிக்குப் போகப்போகிறாள் என்று செவந்தி காடெல்லாம் சொல்லிவைத்திருந்தாள்.

முடிவு வந்த அன்று கொக்கு ஆலமரத்தில் பட்டியல்களை ஒட்டியது. வைத்தியப் பட்டியலை மூன்று முறை படித்தும் மகளின் பெயர் இல்லை. செவந்தி நான்காம் முறையும் மேலிருந்து படிக்க ஆரம்பித்தாள்.

"அடுத்த பட்டியலைப் பாரும்மா," என்றாள் மணிமொழி.

வேர் ஆராய்ச்சிப் படிப்புக்கான பட்டியல் அது. முதல் பெயரே அவளுடையதுதான்.

"அப்ப வைத்தியத் தேர்வு?"

"அதை நான் எழுதவே இல்லம்மா."

"ரெண்டு வருஷமா என்னதாண்டி படிச்சே?"

"வேரைத்தான். நாம குடியிருந்த நாவல் மரம் பட்டுப்போனப்ப, ஏன்னு சொல்ல இந்தக் காட்டுல ஒருத்தரும் இல்லையேம்மா."

செவந்தி மறுபடி அந்த முதல் பெயரைப் படித்தாள்.

அந்த நேரம் பார்த்துப் பக்கத்து மரத்துக் காகம் வந்து, "டாக்டரம்மாவுக்கு எந்தக் காலேஜ் கெடச்சிருக்கு?" என்று கேட்டது. மணிமொழி தலையைக் குனிந்துகொண்டாள்.

"டாக்டர் இல்லக்கா. வேர்ப் படிப்பு. காட்டுலயே மொத எடம்," என்றாள் செவந்தி.

பேசியது தன் வாய்தானா என்று அவளுக்கே திகைப்பாக இருந்தது.