பெடலில் பிழையில்லை

"சனிக்கிழமையும் இந்தச் சத்தம்தான் எண்டா நீ மேடைக்கு ஏறாத, குணம். கீபோர்ட்டிலயே பேஸை வாசிச்சிருவம்."

பவிதரன் சொன்னால் செய்வான். இசைக்குழுவுக்கு அவன்தான் தலைவன்.

குணத்தின் முகம் சுருங்கிப் போயிற்று. சனிக்கிழமை காரைதீவில் கோயில் திருவிழா. அவன் பேஸ் கிற்றாரோடு ஏறப் போகிற முதல் பெரிய மேடை. பாண்டிருப்பில் பாதி ஊருக்குச் சொல்லியும் வைத்துவிட்டான்.

"பெடலாலதான் மச்சான். ஒருக்கா வடிவாப் பாத்தாச் சரி."

"ரெண்டு கிழமையா இதைத்தான் சொல்றாய். தலகாணிக்குள்ள படுத்துக் கிடந்து வாசிக்கிற மாதிரி இருக்கு."

பவிதரன் செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே போனான்.

பெடல் என்பது காலால் மிதிக்கிற சின்ன நீலப் பெட்டி. கிற்றாரின் சத்தம் அதற்குள் புகுந்து, மெருகேறி, அம்ப் என்கிற ஒலிபெருக்கிப் பெட்டிக்குப் போக வேண்டும். கட்டாரிலிருந்து அத்தான் அனுப்பியிருந்தார். அது வந்த கிழமைதான் சத்தமும் அடைத்துப் போனது. விரல் கம்பியைச் சுண்டுகிற கூர்மையெல்லாம் தொலைந்து, 'மொம், மொம்' என்று மட்டும் வந்தது.

நெல் மூட்டை அடுக்குகிற அந்த அறையில் மிஞ்சியது இரண்டு பேர். குணமும், ட்ரம்ஸ் வாசிக்கிற றிஸ்வானும். சாய்ந்தமருதில் றிஸ்வானின் வீட்டு வளவுக்குள்தான் அவர்களின் பயிற்சி.

"ஒவ்வொண்டாக் கழிச்சுப் பாப்பம்" என்றான் குணம்.

பெடலுக்குப் புதுப் பெற்றரி போட்டான். மொம்.

வயர்களை மாற்றினான். மொம்.

கிற்றாரின் திருகைக் கடைசி மட்டும் திருகினான். அதே மொம்.

பெடலையே கழற்றி எறிந்துவிட்டு, கிற்றாரை நேரே அம்ப்பில் கொழுவினான்.

மொம்.

"டேய், பெடல் இல்லடா!" குணத்துக்குக் கவலை மறந்து ஆச்சரியம் பிடித்துக்கொண்டது. "பாவம், சும்மா கிடந்த பெட்டியை ரெண்டு கிழமையா ஏசியிருக்கம்."

"அப்ப கிற்றாராக்கும்" என்றான் றிஸ்வான்.

"நேத்து வீட்டில ரேடியோவில கொழுவிப் பாத்தன். கண்ணாடி மாதிரிக் கேட்டுது. மிச்சம் இந்த அம்ப்தான்."

றிஸ்வான் மெல்ல நடந்து போய் அம்ப்பின் மேல் உட்கார்ந்தான்.

"அதுல ஒண்டுமில்ல மச்சான். தேத்தண்ணியக் குடிச்சிட்டுப் பாப்பம்."

"ஒண்டுமில்லாட்டி ஏன் அடைகாக்கிற கோழி மாதிரி ஏறி இருக்காய்? எழும்புடா."

றிஸ்வான் எழும்பவில்லை. குணம் கையைப் பிடித்து இழுத்துத்தான் எழுப்பினான். முன்பக்க வலையின் ஆணிகளைத் திருகிக் கழற்றினான்.

ஸ்பீக்கரின் வாயை ஒரு தடித்த போர்வை பொத்தியிருந்தது. நாலாக மடித்து, நாலு மூலையிலும் ஆணி அடித்திருந்தது. தவறி விழுந்த துணி இல்லை அது.

"ஆர்ர வேலை?"

றிஸ்வான் கழற்றிய வலையைக் காலால் ஓரமாகத் தள்ளினான்.

"உன்ட மச்சான்காரன் பேஸ் பழகுறானாம் எண்டு கேள்விப்பட்டன். அதுக்குத்தானா? நேர சொல்லியிருந்தா நானே விலகியிருப்பனே!"

"அல்லாஹ்வே, அது இல்லடா." றிஸ்வான் குரலைத் தாழ்த்தினான். "சுவருக்கு அங்கால கமீலா சாச்சி இரிக்கா."

"தெரியும். அவட புருசன், சாச்சாட மையித்த அடக்க நானும்தானே வந்தன்? முப்பத்தொண்டு நாள் கழியத்தானே திரும்பத் தொடங்கினம்?"

"முப்பத்தொண்டு ஒங்கட கணக்கு. நம்மட கணக்கு நாலு மாசமும் பத்து நாளும். அது முடியும் வரைக்கும் சாச்சி இத்தா. வெளியில இறங்க மாட்டா. அந்நிய ஆம்பிளைக்கு முகம் காட்ட மாட்டா. அந்தச் சுவருக்குள்ளதான் ராவும் பகலும்."

குணத்தின் கையில் திருப்புளி அப்படியே நின்றது.

"நீங்க சாமானெல்லாம் தூக்கிட்டுச் சந்தோசமா வந்து நிண்டீங்க. வாசல்ல வெச்சுத் திரும்பிப் போங்க எண்டு எப்பிடிச் செல்ற? செல்லியிருந்தா பாண்டிருப்பில இடம் எடுத்திருப்பீங்க. பின்னேரத்தில ட்ரம்ஸையும் தூக்கிட்டு ஆமி செக்பொயின்டத் தாண்டி நான் அங்க வந்து போக ஏலுமா? ட்ரம்ஸுக்குள்ளயும் சாக்குத்தான் அடைச்சிரிக்கன், பாரு. பவி ஒன்ன மேடைக்கு ஏறாத எண்டு செல்லுவான் எண்டு நான் நினைக்கல்ல."

குணம் திருப்புளியைக் கீழே வைத்தான். பிறகு போர்வையைத் தொட்டுப் பார்த்தான்.

"மடையா. துணி கூர்மையை மட்டும்தான் திண்டும். அடி சுவரைத் தாண்டிப் போகும். ரெண்டு கிழமையா அந்த மனுசி காதுக்குள்ள மொம் மொம் எண்டு இடிச்சிருக்கன்."

"அவ ஒண்டும் செல்லல்ல."

"சொல்லுவாவா? எவ்வளவு வயிறெரிஞ்சாவோ!" குணம் அம்ப்பின் வயரைப் பிடுங்கினான். "இனி இங்க கரண்டே வேணாம். வெறும் கம்பியில பழகிறன். பவிக்கு நான் சொல்றன்."

வாசலில் வளையல் சத்தம் கேட்டது. றிஸ்வானின் தங்கச்சி ஸுஹைறா, தேத்தண்ணித் தட்டோடு நின்றாள். குணத்தைப் பார்க்காமல் நானாவைப் பார்த்துச் சொன்னாள்.

"நானா, கமீலா சாச்சி ஒண்டு கேட்டு வரச் சொன்னா."

இருவரும் தலையைக் குனிந்துகொண்டார்கள்.

"தடிச்ச சத்தம் வாசிக்கிற புள்ள முந்தியெல்லாம் நல்ல துடியா வாசிக்குமாம். இப்ப ரெண்டு கிழமையாக் கையில பலமே இல்லாத மாதிரிக் கேக்குதாம். வருத்தக்காரப் புள்ளயாக்கும் எண்டு ஒவ்வொரு தொழுகைக்குப் பொறகும் துஆக் கேட்டுட்டு இரிக்காவாம். இப்ப சுகமா எண்டு கேக்கிறா."