ஒரு முழம்

அது ஓடவில்லை. ஓட வழியில்லை.

முழங்கால் அளவுத் தண்ணீர். சுற்றிலும் பவளப்பாறை. கடல் வற்றியபோது பாறைகளுக்கு நடுவே அண்டா போல ஒரு குழி மட்டும் நிறைந்து நின்றுவிட்டது.

அதற்குள் ஒரு சுறாக்குட்டி.

அவள் கடற்பாசிப் பையைப் பாறைமேல் வைத்தாள்.

ஒரு முழம் இருக்கும். போதும்.

பதினோரு நாளாக இதைத்தான் தேடுகிறாள். பிள்ளை பெற்ற மகளுக்குப் பால் ஊறவில்லை. புட்டிப்பால் கொடுத்தால் பிள்ளை கக்கிவிடுகிறது. அழுது அழுது அதற்குத் தொண்டையே கட்டிவிட்டது. சுறாப்புட்டு தின்றால் மூன்றாம் நாள் மார்பு கனக்கும் என்பது கரையில் எல்லாருடைய நம்பிக்கை. ஆனால் இது மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகு எதுவும் போவதில்லை. சந்தையில் சுறா என்று கேட்டால் சிரிக்கிறார்கள்.

பாசி எடுக்க வந்த இடத்தில் சாமியே கொண்டுவந்து விட்டிருக்கிறது.

குழிக்குள் இறங்கிக் குனிந்தாள்.

அது வட்டம் சுற்றியது. முதுகு ஈர மணலின் நிறம். வயிறு வெள்ளை. துடுப்பு ஒவ்வொன்றின் நுனியிலும் கறுப்பு. கண்மை வைத்த விரலைத் துடைக்காமல் யாரோ தொட்டுத் தொட்டுப் பார்த்த மாதிரி.

அடி ஆத்தி, என்ன அழகு!

ஒவ்வொரு சுற்றிலும் அவள் கால்வரை வந்தது. இடிக்கவில்லை. உடம்பை லேசாக ஒடித்துத் திரும்பியது. இருபது வருடமாகக் கடலில் இறங்குகிறாள். சுறாவை வலையில் செத்துக் கிடக்கத்தான் பார்த்திருக்கிறாள். அது இப்படித் திரும்பும் என்று தெரியாது.

"என்ன மதினி, செலை கணக்கா நிக்கிறீக? தண்ணி ஏறுறதுக்குள்ள பைய நெரப்ப வேணாமா?"

தூரத்தில் நாத்தனார் இருளாயி. இடுப்பளவு நீரில் மூழ்கி மூழ்கி எழுந்துகொண்டிருந்தாள்.



அவள் இரண்டு கையையும் நீரில் விட்டாள். பாறை கிழிக்காமலிருக்கத் துணி சுற்றிய விரல்கள். வழுக்கவில்லை. ஒரு கை தலைக்குப் பின்னால், ஒரு கை வாலில்.

தூக்கிவிட்டாள்.

என்ன பலம்! தோள்வரை அதிர்ந்தது. துள்ளிய துள்ளலில் வயிறு மேலே திரும்பியது.

பக்கத் துடுப்புகளுக்கு நடுவே ஒரு கீறல்.

காயமோ என்று பார்த்தாள். காயமில்லை.

தொப்புள்.

இன்னும் மூடவில்லை.

சுறாவுக்குத் தொப்புள் உண்டா? எத்தனை சுறாவை அறுத்த கை! ஒன்றில்கூடக் கண்டதில்லை.

பிறந்து சில நாள்தான் ஆகியிருக்கும். தாய் பக்கத்தில் இல்லை. ஒரு வாய்ப் பால் கிடையாது இதற்கு. தானே இரை பிடித்து, தானே பிழைத்து, மாட்டிக்கொண்ட குழியிலும் ராஜா மாதிரி சுற்றி வருகிறது.

வீட்டில் பிள்ளைக்கும் இன்னும் கொடி விழவில்லை.

தண்ணீருக்குள் விட்டாள்.

விட்ட கையோடு தன்னையே திட்டிக்கொண்டாள். கூறுகெட்டவளே, மகள் முகத்தில் எப்படி முழிப்பாய்?

பாறை உச்சியில் ஒரு பருந்து வந்து உட்கார்ந்தது.

கையை வீசி விரட்டினாள். அடுத்த பாறையில் போய் உட்கார்ந்தது. அவசரமில்லை அதற்கு.

அவள் நகர்ந்தால் போச்சு. நகரவில்லை.

பை பாதி காலி. வெயில் பிடரியைச் சுட்டது. இருளாயி இரண்டு தடவை கூப்பிட்டாள், பிறகு விட்டுவிட்டாள். காலடியில் குட்டி ஒரு பொடிமீனைத் துரத்தி ஒரே பாய்ச்சலில் விழுங்கியது.

"சமத்துடி" என்று வாய்விட்டே சொல்லிவிட்டாள்.

தண்ணீர் ஏறியது. தொடையைத் தாண்டி, பாறைமேல் வழிந்தது. கறுப்பு நுனி ஒரு தடவை வெளியே தெரிந்தது.

பிறகு இல்லை.

வீட்டில் மகள் வாசலைப் பார்த்தே உட்கார்ந்திருந்தாள். மடியில் பிள்ளை.

"கெடச்சுச்சாம்மா?"

பொய் சொல்லியிருக்கலாம்.

"கையில புடிச்சேன். விட்டுட்டேன்."

மகளுக்குக் கண் நிறைந்துவிட்டது.

"ஏம்மா?"

"தொப்புள்கூட ஆறலடி அதுக்கு."

பிள்ளை கம்மிய குரலில் அழுதது. மகள் அதைத் தட்டிக்கொடுத்தாள்.

"எத்தாம் பெருசு?"

அவள் இரண்டு கையையும் நீட்டிக் காட்டினாள். விரல்களில் துணி இன்னும் ஈரமாக இருந்தது.

மகள் அந்த இடைவெளியைப் பார்த்தாள்.

பிள்ளையைத் தூக்கி அதில் வைத்தாள்.