முதலில் ஓடுகிறவள்

"'அவளுக்கு ஆடத் தெரியாது, இடிக்கத்தான் தெரியும். என் பொண்ணைப் பிடிச்சுத் தள்ளிட்டு முன்னாடி ஓடுறா. இதுக்குப் பேரு ஹாக்கியா?' இதையேதானே போன வாரமும் சொன்னீங்க?" என்றார் கோச்.

"பதில் வர்ற வரைக்கும் சொல்வேன்," என்றாள் கேஷியரம்மா. வங்கியில் கண்ணாடிக்குப் பின்னால் உட்கார்ந்து பழகியவள். எதிரில் நிற்பவர் அவசரப்பட்டால் அவளுக்கு அவசரம் போய்விடும்.

மைதானத்தின் ஓரத்தில் பெண்கள் ஷூ லேஸ் கட்டிக்கொண்டிருந்தார்கள். கேஷியரம்மாவின் மகளுக்கு அணியில் மின்னல் என்று பேர். பந்தை மட்டையோடு தைத்துவிட்ட மாதிரி கொண்டுபோவாள். பக்கத்தில் நின்ற கனத்த பெண்ணுக்குப் பேர் புல்டோசர். ஏன் என்று யாரும் கேட்டதில்லை.

மாவட்ட அணிக்கு இந்தப் பள்ளியிலிருந்து ஒரே ஒரு பெண்தான். ஆட்டம் முடிந்ததும் கோச் பேர் கொடுத்தாக வேண்டும்.

"கையில வித்தை இருக்கறவளை அனுப்புவீங்களா, உடம்புல சதை இருக்கறவளை அனுப்புவீங்களா? அதை மட்டும் சொல்லுங்க."

"எனக்கும் அதே குழப்பம்தாங்க." கோச் விசிலைக் கழுத்தில் மாட்டிக்கொண்டார். "எதிர் டீமுக்குப் பெனால்டி கார்னர் கிடைச்சா, நம்ம கோல் கோட்டுலேர்ந்து ஒருத்தி முதல்ல ஓடிப்போய் அடிக்கிற பந்தை மறிக்கணும். வேகமா ஓடறது உங்க பொண்ணு. அதனால அவதான் ஓடணும்னு சொல்லி வெச்சிருக்கேன். ஒவ்வொரு தடவையும் இவ அவளைத் தள்ளிட்டு ஓடறா. திட்டியாச்சு, மைதானத்தைச் சுத்தி ஓட விட்டாச்சு. ஏண்டின்னு கேட்டா தரையைப் பாக்கறா."

"திமிரு."

"திமிரா இருந்தா ஒரு தடவையாவது எதிர்த்துப் பேசியிருப்பாளே. இன்னொண்ணு பாருங்க, இவ இறங்கின மேட்ச்ல நாம தோக்கறதில்ல. அது ஏன்னும் எனக்கு விளங்கல. நான் நடுக்கோட்டுப் பக்கம் உட்காரணும், எல்லாம் கண்ணுல படாது. நீங்க இன்னிக்கு ஒண்ணு செய்யுங்க. பந்தைப் பாக்காதீங்க, அவளை மட்டும் பாருங்க."

"அவளைப் பாக்கவா நான் லீவு போட்டுட்டு வந்தேன்?" என்றாலும், கேஷியரம்மா குடையை எடுத்துக்கொண்டு கோல் வலைக்குப் பின்னால் போய் உட்கார்ந்தாள். குற்றம் கண்டுபிடிக்க அதைவிட வசதியான இடம் கிடையாது.

பந்தைப் பார்க்காமல் ஹாக்கி பார்ப்பது, சத்தத்தை நிறுத்திவிட்டு சீரியல் பார்ப்பது போலத்தான் இருந்தது. அந்தப் பெண் பந்தைத் தொட்டதே அபூர்வம். சும்மா போய் நிற்கிறாள். மின்னலை மடக்க ஓடி வருகிறவள் இவளைச் சுற்றிக்கொண்டு போக வேண்டியிருக்கிறது. அதற்குள் மின்னல் பறந்துவிடுகிறாள். கைதட்டல் மொத்தமும் மின்னலுக்கு.

இன்னொரு தடவையும் அப்படியே நடந்தது.

"அட," என்று கேஷியரம்மா வாய்விட்டே சொல்லிவிட்டாள். உடனே வாயை மூடிக்கொண்டாள். நிற்பது ஒரு வித்தையா என்ன? தூண்கூடத்தான் நிற்கிறது.

ஆனாலும் கண் அந்தப் பெண்ணை விட்டு நகரவில்லை. தொடையில் அது என்ன நீலம்? பழைய அடி மேல் புது அடி. பெற்றவள் இதையெல்லாம் பார்க்க மாட்டாளா?

ஆட்டம் முடியும் நேரம். மின்னல் போட்ட கோலில் நம் அணி ஜெயித்துக்கொண்டிருந்தது. அப்போது பார்த்து எதிரணிக்குப் பெனால்டி கார்னர். நான்கு பெண்கள், பந்து முகத்தில் படாமலிருக்க முகமூடி மாட்டிக்கொண்டு, கோல்கீப்பரோடு கோட்டில் வந்து நின்றார்கள். அவர்கள் முதுகுக்கும் கேஷியரம்மாவுக்கும் நடுவில் வலை மட்டும்தான்.

வரட்டும், இப்போது தள்ளட்டும், கையும் களவுமாகப் பிடிக்கிறேன் என்று அவள் முன்னால் சாய்ந்தாள்.

ஒரு கை புல்டோசரின் சட்டையைப் பின்னாலிருந்து கொத்தாகப் பிடித்திருந்தது. மணிக்கட்டில் இருந்த பச்சைப் பட்டையைக் கேஷியரம்மாவே காலையில் கட்டிவிட்டிருந்தாள்.

"பயமா இருக்குடி. கல்லு மாதிரி வரும். இந்த ஒரு தடவையும் நீயே போயேன்."

"சரி, கையை எடு. நான் தள்ளினதும் தடுமாறுற மாதிரி பண்ணு. கோச் பாத்துட்டிருப்பாங்க."

பந்து உருண்டது. புல்டோசர் மின்னலை ஒரு தள்ளுத் தள்ளிவிட்டு ஓடினாள். மின்னல் அழகாகத் தடுமாறினாள். அதிலும் அவளுக்கு வித்தைதான்.

ஈரத்துணியைக் கல்லில் அறைந்தது போல ஒரு சத்தம். பந்து தொடையில் பட்டுத் தெறித்தது. ஆட்டம் முடிந்த விசில். நம் அணிப் பெண்கள் எல்லாரும் மின்னலைத் தூக்கிக்கொண்டு ஆடினார்கள்.

கோச் பேனாவோடு மைதானத்தின் குறுக்கே நடந்து வந்தார். "என்னங்க, இன்னிக்கும் தள்ளினா பாத்தீங்களா?" என்று தூரத்திலிருந்தே கேட்டார். "நீங்க சொன்னதுதான் சரி போல. யாரை எழுதட்டும்?"

கேஷியரம்மா மகளைத் தேடினாள். மின்னல் அவளைப் பார்த்தாள். வலையைப் பார்த்தாள். அம்மா உட்கார்ந்திருந்த இடத்தைப் பார்த்தாள். அப்புறம் தலையைக் குனிந்துகொண்டாள்.

அதற்குள் புல்டோசர் நொண்டிக்கொண்டே வலையோரம் வந்துவிட்டாள். முகமூடியைக் கழற்றினாள். உள்ளே இருந்தது சின்ன முகம்.

"ஆன்ட்டி, கோச்கிட்ட சொல்லிடாதீங்க. பயம்னு தெரிஞ்சா அவ பேரை எழுத மாட்டாங்க."