ஈடு மீண்டது

வினாயகமூர்த்தி முதலாளி கடன் துண்டை நாலாகக் கிழித்து, அன்னப்பூரணியின் எரிகிற அடுப்புக்குள் தன் கையாலேயே போட்டார்.

"கடன் முடிஞ்சாத் துண்டு எரியோணும் புள்ள. அதான் முறை."

"இன்னும் முந்நூற்றம்பது ரூபா கிடக்கே முதலாளி?"

"கிடந்தாக் கிடக்கட்டும். நானும் புள்ள குட்டிக்காரன்தானே."

அன்னப்பூரணிக்குக் கண் கலங்கிவிட்டது. கடன்காரனைக் கடைவாசலில் காக்க வைத்தே பழகிய மனிசன் சைக்கிள் மிதித்துத் தேடி வந்திருக்கிறார். வந்தவர் கடனையும் தள்ளிவிடுகிறார்.

முதலாளி சட்டைப் பைக்குள் கையை விட்டு, அவள் புருஷன் கோணாமலையின் அடையாள அட்டையை எடுத்து நீட்டினார். "பழைய உறை பிஞ்சி போச்சு. புதுசு ஒண்டு போட்டிரிக்கன்."

"எட்டு மாசமா உங்கட பெட்டகத்துல பத்திரமாக் கிடந்திரிக்கி."

"ஓம் ஓம்," என்றபடி அவர் சைக்கிளில் ஏறினார். "மிச்சத்தை விட்டுத் தந்ததை வெளியில சொல்லிப்போடாத. மத்தவனுகளும் வந்து நிப்பானுகள்."

எட்டு மாதத்துக்கு முன் ஷெல் விழுந்து கூரை போனது. தகரம் வாங்க ஆறாயிரம் கேட்டுப் போனான் கோணாமலை. அவன் பெண்சாதியின் காதில் வேப்பங்குச்சிதான் இருந்தது.

"பொன் இல்லையெண்டா உன்ர அடையாள அட்டையை ஈடு வை. அட்டை இல்லாதவன் கடனோட ஊரை விட்டு ஓடமாட்டான்," என்றார் முதலாளி. வேறு வழியில்லாமல் வைத்தான். அட்டை ஈடு என்று முதலாளி கடன் துண்டில் எழுதிக்கொண்டார்.

மேசன் கூலி கிடைப்பது மட்டக்களப்புப் பட்டினத்தில். அட்டை இல்லாமல், பாலத்தடியில் ராணுவம் மறித்துச் சோதிக்கும் சென்றிக்குப் போனால் ஆள் திரும்பி வராது. கையைக் கட்டிவிட்டு ஆற்றை நீந்தச் சொன்ன கதைதான்.

கோணாமலை இடுப்பளவு தண்ணீரில் இறால் தடவினான். அன்னப்பூரணி விரல் வெடிக்க வெடிக்க ஊரார் இறாலுக்குக் கோது உரித்தாள். பிடித்த மீன் விலைக்குப் போனது, தலை மட்டும் சொதிக்கு வந்தது. பிள்ளைகள் சீனி இல்லாத வெறுந்தேத்தண்ணியைக் குடிக்கப் பழகிக்கொண்டன. கிழமைக்கு இருநூறு கடன் கட்டுவது மட்டும் ஒரு தடவையும் தவறவில்லை.

மறுநாள் விடிய, கோணாமலை முழுகித் திருநீறு பூசி, துருப்பிடித்த மேசன் கரண்டியைப் பையில் போட்டுக்கொண்டு, பட்டினம் போகும் முதல் வான் வண்டிக்குக் கிளம்பினான்.

"மச்சான், வரக்குள்ள கால் கிலோ சீனி வாங்கியாங்க."

"கடன் முடிஞ்சு ஒரு நாள் ஆகல்ல, அதுக்குள்ள உனக்கு நாக்கு நீளுது," என்று சிரித்தான் அவன். "சீனியோட தின்னப் பாணும் வாங்கியாறன், போ."

பத்து மணியிருக்கும். அந்த வானின் கொண்டக்டர், அவள் அண்ணன் முறையில் காக்கா என்று கூப்பிடும் மஜீட், படலையைத் தள்ளிக்கொண்டு ஓடி வந்தான்.

"தங்கச்சி! கோணாமலையைப் பாலத்தடியில இறக்கிப்போட்டானுகள்!"

"அட்டையை என்ர கையாலதானே காக்கா எடுத்துக் குடுத்தன்!"

"அந்த அட்டைதான் வில்லங்கம். போன மாசம் கொழும்பில குண்டு வெடிச்சதெல்லா? குண்டு வெச்சவன் லொட்ஜில தங்கக்குள்ள இந்த அட்டையைக் காட்டித்தான் பதிஞ்சவனாம். நம்பரைச் சென்றியில எழுதி ஒட்டி வெச்சிரிக்கானுகள். கண்ணைக் கட்டி ஏத்திட்டானுகள் புள்ள."

அன்னப்பூரணி அப்படியே நிலத்தில் குந்திவிட்டாள். அடுத்த நிமிஷம், யாரோ தூக்கி நிறுத்தியதுபோல் எழும்பினாள்.

"எப்ப? போன மாசமா?"

"ஓம்."

"போன மாசம் அட்டை இவருக்கிட்ட இல்லையே காக்கா! முதலாளிட பெட்டகத்துலயெல்லா கிடந்த!"

மஜீட் ஒரு தரம் திரும்பி முதலாளியின் கடைப் பக்கம் பார்த்தான்.

"முதலாளி ஜே.பி., சமாதான நீதவான். அவர்ர சொல்லுக்கு ஆமிக்காரனும் மரியாதை. அவர் வந்து ஒரு வார்த்தை சொன்னாப் போதும், விட்டிருவானுகள். வானைப் பிடிச்சு வையுங்க காக்கா, கூட்டிக்கொண்டு வாறன்!"

கடைக்குட்டியை இடுப்பில் இடுக்கிக்கொண்டு, செருப்பில்லாத காலோடு சுடுமணலில் ஓடினாள். வழியில் கேட்டவர்களுக்கெல்லாம், "ஒண்டுமில்லை, முதலாளி பார்த்துக்குவார்," என்று சொல்லிக்கொண்டே ஓடினாள்.

கடையில் நாலைந்து பேர் நின்றார்கள். முதலாளி பருப்பு நிறுத்துக்கொண்டிருந்தார். மூச்சிரைக்க, நடந்ததையெல்லாம் சொன்னாள் அன்னப்பூரணி.

"வான் நிக்குது முதலாளி, வாங்க. எட்டு மாசமா அட்டை உங்களுக்கிட்ட ஈடு கிடந்ததெண்டு மட்டும் சொல்லுங்க. அவர் வந்திருவார்."

முதலாளி தராசின் முள் நேரே நிற்கும் வரை பார்த்திருந்தார். ஒரு பிடி பருப்பை அள்ளிச் சாக்குக்குள் திரும்பப் போட்டார். கடையில் நின்றவர்களை ஒரு சுற்றுப் பார்த்தார். பிறகு, மிகப் பரிவோடு கேட்டார்:

"அடையாள அட்டையை ஆரும் ஈடு புடிப்பாங்களா, புள்ள?"