ஆள் வருது

"இங்க யாராவது இருக்காங்களா?"

"ஆள் வருது," என்றாள் மருந்துக்கடை அக்கா, பக்கத்து சீட்டில் கிடந்த தன் பையை இன்னும் கொஞ்சம் பரப்பி வைத்துவிட்டு.

வர ஆளும் இல்லை, ஒரு மண்ணும் இல்லை. தினமும் காலையில் கிளம்பி, கடலோரமாகவே பொழுதெல்லாம் ஓடுகிற ரயில் அது. தாராளமாக உட்கார்ந்து காற்று வாங்கிக்கொண்டு போக அவள் கைவசம் வைத்திருக்கும் பொய் இது. பையும் அதற்குப் பழகிவிட்டது.

கேட்டவருக்கு ஐம்பது தாண்டியிருக்கும். "சரிங்க" என்று சொல்லிவிட்டு, இடது காலை லேசாக இழுத்தபடி போய், கதவோரம் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். போன் அடித்தது.

"சொல்லும்மா... ம், உக்காந்துட்டேன். சன்னலோர சீட்டு. காலைக்கூட நல்லா நீட்டி வச்சிருக்கேன். கடல் என்னமா தெரியுது போ."

அவர் நின்ற இடத்திலிருந்து தெரிந்தது கக்கூஸ் கதவு.

அக்காவுக்குக் காது நீண்டது. பக்கத்து வீட்டில் சண்டை என்றால் தன் வீட்டு டிவி சத்தத்தைக் குறைத்துவிட்டுக் கேட்கிற ரகம் அவள்.

ஒரு ஸ்டேஷன் தாண்டியதும் மறுபடியும் போன்.

"கண்ணசந்துட்டேம்மா. அப்படிக் காத்து."

நின்றுகொண்டே கண்ணயர்ந்தாராம். யார் காதில் இந்த ஆள் பூச்சுற்றுகிறார்? கேட்காவிட்டால் அவளுக்குத் தலை வெடித்துவிடும் போல இருந்தது.

"தப்பா நினைக்காதீங்க. போன்ல யாரு? வாய் கூசாம இப்படி அவிழ்த்து விடுறீங்களே."

அவர் அசடு வழிந்தார்.

"வீட்டுக்காரிங்க. முதல் பெட்டியில, லேடீஸ்ல ஏத்தி விட்டிருக்கேன். அவளுக்கு இடுப்பு வலி. பெரிய டாக்டரைப் பாக்கத்தான் போறோம். எனக்கு மாவுக்கட்டு பிரிச்சு ஒரு வாரந்தான் ஆகுது. நான் நிக்கிறேன்னு தெரிஞ்சா, இருக்கிற சீட்டையும் விட்டுட்டு என்கூட நிக்க வந்துடுவா. அவளாவது உக்காந்து வரட்டும்னுதான்..."

அக்காவுக்குச் சுருக்கென்றது. பையை அப்போதே எடுத்திருக்கலாம். எடுத்தால் தன் குட்டு வெளிப்பட்டுவிடுமே. அடுத்த ஸ்டேஷன் வருகிற வரைக்கும் முள்ளின் மேல்தான் உட்கார்ந்திருந்தாள். ரயில் நின்றதும் சன்னலில் எட்டி, இரண்டு பக்கமும் தேடுகிற மாதிரி பார்த்தாள்.

"வர்றேன்னவங்களைக் காணோம். நீங்க வந்து உக்காருங்க. சன்னல் பக்கமே உக்காருங்க, போன்ல சொல்லிட்டீங்க இல்ல."

"பாவம், என்ன ஆச்சோ அவங்களுக்கு. ரயிலை விட்டுட்டாங்களோ," என்று நிஜமாகவே கவலைப்பட்டுக்கொண்டு உட்கார்ந்தார் அவர்.

அந்தக் கவலைதான் அவளால் தாங்க முடியவில்லை. பையை எடுத்துக்கொண்டு எழுந்துவிட்டாள்.

அவள் இறங்கும் ஊரும் வரப்போகிறது. அங்கே பிளாட்பாரம் குட்டை. பின் பெட்டிக்காரர்கள் முன்னால் நடந்து போனால்தான் இறங்க முடியும். கூட்டத்தில் இடித்துப் பிடித்து முதல் பெட்டிக்கு வந்து சேர்ந்தாள்.

கதவோரம் ஒரு பெண் நின்றிருந்தாள். ஒரு கை இடுப்பை அழுத்திப் பிடித்திருந்தது. இன்னொரு கையில் போன்.

"உக்காந்துதாங்க இருக்கேன். சன்னலோரந்தான். நல்லா சாஞ்சுக்கிட்டு வர்றேன், வலியே தெரியலை. நீங்க காலை நீட்டிக்கிட்டு பேசாம வாங்க."

அக்கா அப்படியே நின்றுவிட்டாள். பிறகு பெட்டிக்குள் பார்த்தாள். ஒரு சீட்டில் தோல்பை ஒன்று ஜம்மென்று உட்கார்ந்திருந்தது. பக்கத்தில் அதன் சொந்தக்காரி கடலைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இங்க யாராவது இருக்காங்களா?" என்று கேட்டாள் அக்கா.

"ஆள் வருது." திரும்பிக்கூடப் பார்க்காமல் பதில் வந்தது.

அக்கா அந்தப் பையைத் தூக்கி அவள் மடியில் வைத்தாள்.

"வந்தாச்சும்மா. இதோ, இவங்கதான்."